மூன்று இறுதியாட்டங்கள்

கொரியா என்றதும் நம் பள்ளி மாணவியருக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் அந்நாட்டின் மறைசாட்சிகளே. 1984 மே 6ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சியோல் நகருக்கே சென்று அவர்களுள் 103 பேரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டிருக்கும் செய்தி இது.

அந்நாட்டைச் சேர்ந்த வேறொரு பெண்மணியைப் பற்றி இவ்வாண்டு மலரில் படிப்போம். அவர் டென்னிஸ் ஆடியவர். பெயர் சோ யூன்-ஜங். கொரியர் குடும்பப் பெயரை முன்னே வைப்பர். ஆகவே ‘சோ’ என்பது குடும்பப் பெயர், ‘யூன்-ஜங்’ என்பது அவருக்கு இட்ட பெயர். 1979 ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தவர். இன்று ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவர்.

உலகப் பெண்கள் டென்னிஸ் சுற்றுப்போட்டிகளில் ஒற்றையர் பிரிவில் அவர் மூன்று முறை இறுதியாட்டம் வரை சென்றார். மூன்று முறையும் தோற்றார். ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட அவருக்குக் கிட்டவில்லை.

‘பட்டமே வெல்லாதவரைப் பற்றியா நாம் படிக்க வேண்டும்? வென்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே!’ என்று தோழியர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம்முடைய விளையாட்டு விழாவில் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒருத்திதான் முதலில் வருகிறாள். எஞ்சியவர்கள் ஏழெட்டுப் பேர். ஆக, நம்மில் பெரும்பாலோருடைய கதை யூன்-ஜங்கின் கதைக்குத்தான் நெருக்கமானது. அவர் எப்படித் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பதை அறிவதில் நமக்குப் பயன் உண்டு. அதற்கு முன் டென்னிஸ் கணக்கைச் சற்றே கற்றுக்கொள்வோம். அந்தக் கணக்கு விளங்கினால்தான் அவருடைய கதையும் விளங்கும்.

விந்தையான கணக்கு

கிரிக்கெட்டில் எடுத்த ஓட்டங்களையெல்லாம் கூட்டுகிறோம். கூடைப்பந்தில் போட்ட கூடைகளையெல்லாம் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை மிகுந்தவர் வெல்கிறார். டென்னிஸ் அப்படியன்று.

டென்னிஸில் மூன்று படிகள் உண்டு. முதற்படி புள்ளி. 15, 30, 40 என்று எண்ணி, அடுத்த புள்ளியையும் பெறுபவர் ஒரு ‘கேம்’ வெல்கிறார். இருவரும் 40க்கு வந்துவிட்டால் ‘டியூஸ்’ எனப்படும். அதன்பின் இரண்டு புள்ளி முந்த வேண்டும். இரண்டாம் படி ‘செட்’. குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் 6 கேம் வெல்பவருக்கு ஒரு செட். 5க்கு 5 என்று வந்தால் 7 வரை ஆடுவர். 6க்கு 6 என்று வந்தால் ‘டைபிரேக்’ என்னும் ஒரு சிறப்பு கேம் ஆடுவர். அதில் இரண்டு புள்ளி வித்தியாசத்துடன் முதலில் 7 புள்ளி பெறுபவருக்கு அந்த செட் உரியது. மூன்றாம் படி ஆட்டம். பெண்களுக்கு மூன்று செட்டில் இரண்டை வெல்பவருக்கே வெற்றி.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு செட் முடிந்ததும் பலகையில் உள்ள கேம் கணக்கு அழிக்கப்படுகிறது. அடுத்த செட் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று தொடங்குகிறது. முந்திய செட்டை 6-0 என்று வென்றிருந்தாலும், தட்டுத் தடுமாறி 7-5 என்று வென்றிருந்தாலும் ஒரே மதிப்புத்தான். மிஞ்சிய கேம்களை அடுத்த செட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். யூன்-ஜங்கின் வாழ்வில் இது இரண்டு விதமாக வேலை செய்தது.

வழி திறந்த மூத்தவர்

யூன்-ஜங் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1978இல், பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. டென்னிஸ் பெண்கள் ஒற்றையரில் தங்கப் பதக்கம் பெற்றவர் லீ டுக்-ஹீ என்னும் தென் கொரிய வீராங்கனை. 1953இல் பிறந்த இவரே தொழில்முறை ஆட்டக்காரியாக உலகச் சுற்றுப்போட்டிகளுக்குச் சென்ற முதல் கொரியப் பெண்.

அக்காலத்தில் அது எளிய செயலன்று. தென் கொரிய மக்கள் விரும்பியபோது வெளிநாடு செல்லும் உரிமை அன்று இல்லை. 1989ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் வெளிநாட்டுப் பயணம் அனைவருக்கும் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 1983இல் சுற்றுலாவுக்காக முதன்முதலில் கதவைச் சற்றே திறந்தபோதுகூட, 50 வயது கடந்தவர்களே, அதுவும் வங்கியில் பெருந்தொகை கட்டிவைத்த பின்னரே போகலாம் என்றிருந்தது. அத்தகைய நாட்டிலிருந்து ஓர் இளம்பெண் மட்டையைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒரு நகரமாகச் சுற்றினார் என்றால் அவருடைய மனவுறுதியை எண்ணிப் பாருங்கள்!

1981இல் லீ டுக்-ஹீ அமெரிக்க ஓப்பன் போட்டியில் கடைசி 16 பேரில் ஒருவராக வந்தார். ஆண் பெண் இரு பாலாரிலும் ஒரு கொரியர் அந்த உயரத்தை எட்டியது அதுவே முதல் முறை. 1982இல் அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் ஒற்றையர் பட்டமும் வென்றார்.

கொரியாவில் பெண்கல்வியின் வரலாறும் இவ்வாறே ஒருவரிடமிருந்து தொடங்கியதுதான். 1886இல் மேரி ஸ்க்ரான்டன் என்னும் மெதடிஸ்டு சபை ஊழியர் சியோலில் பெண்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கியபோது, வந்த மாணவி ஒருத்தியே. அதுதான் பின்னாளில் ஈவா மகளிர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. முதலில் நடப்பவர் தனியாகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

லீ டுக்-ஹீக்குப் பின் 1990களில் பார்க் சுங்-ஹீ என்பவர் உலகத் தரவரிசையில் 57ஆம் இடம் வரை உயர்ந்தார். அவரை அடுத்து வந்தவர்தான் நம் யூன்-ஜங்.

ஏணியின் படிகள்

நான்கு பெரிய போட்டிகளின் பெயர்களை நாம் அறிவோம்: ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன். இவற்றின் ஒற்றையர் பிரிவில் 128 பெண்கள் ஆடுகின்றனர். பட்டம் வெல்ல ஏழு சுற்றுகளிலும் வெல்ல வேண்டும். அந்த 128 இடங்களில் மிகப் பெரும்பாலானவை தரவரிசையைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன. சில இடங்கள் அழைப்பின் பேரில் கிடைக்கும். எஞ்சியவற்றைப் பெறத் தகுதிச் சுற்று ஆட வேண்டும். கூட்டமில்லாத ஓரத்துக் களங்களில் மூன்று ஆட்டம் வென்றால்தான் உள்ளே நுழைய முடியும்.

தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது? கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் பெற்ற புள்ளிகளைக் கொண்டே கணக்கிடுகின்றனர். 53ஆம் வாரம் வந்ததும் பழைய புள்ளி உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு பெற்ற வெற்றி இவ்வாண்டு உதவாது. மறுபடியும் வெல்ல வேண்டும். மரம் ஆண்டுதோறும் இலை உதிர்த்து ஆண்டுதோறும் துளிர்ப்பதைப் போன்றது இது.

பெரிய போட்டிகளுக்குக் கீழே பல படிகளில் சிறிய போட்டிகள் உண்டு. கீழ்ப்படிகளில் பரிசுப் பணம் குறைவு. பயணச் செலவு மிகுதி. தோற்றவர் அன்றே பெட்டியைக் கட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஐரோப்பிய நாட்டுப் பெண்ணுக்கு அடுத்த போட்டி சில மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும். கொரியப் பெண்ணுக்கோ ஏறக்குறைய ஒவ்வொரு போட்டியும் கடல் கடந்தது. மொழி வேறு, உணவு வேறு, பகலும் இரவும் வேறு.

யூன்-ஜங் சாம்சங் நிறுவனக் குழுமத்தின் டென்னிஸ் அணியில் ஆடியவர். கொரியாவில் பெரிய நிறுவனங்களும் நகராட்சிகளும் இத்தகைய அணிகளை நடத்துகின்றன. வீரர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் உள்நாட்டுப் போட்டிகளிலும், ஆண்டுதோறும் நடைபெறும் தேசிய விளையாட்டு விழாவிலும் ஆடுவர். உள்நாட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தால் கவலையற்ற வாழ்வு கிடைக்கும். அதைவிட்டு உலகச் சுற்றுக்குப் போவது, தோல்வியைத் தேடிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும். யூன்-ஜங் போனார்.

முதல் இறுதியாட்டம்: பட்டாயா, 2002

தாய்லாந்து நாட்டின் கடற்கரை நகரமாகிய பட்டாயாவில் அந்நாளில் பெண்கள் போட்டி ஒன்று நடைபெற்று வந்தது. 2002இல் அதன் இறுதியாட்டத்தில் இரண்டு ஆசியப் பெண்கள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் 23 வயது யூன்-ஜங். மற்றவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த அஞ்சலிக் விட்ஜாஜா. விட்ஜாஜாவுக்கு 18 வயதுகூட நிறையவில்லை. ஆனால் 2001இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றிருந்தவர்; அதே ஆண்டில் பாலித் தீவில் பெரியோர் பட்டமும் வென்றிருந்தவர்.

யூன்-ஜங் 2-6, 4-6 என்று தோற்றார். இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. எதிராளி நன்றாக ஆடினார்; வென்றார். வயதில் இளையவளிடம் தோற்பது எளிதில் செரிக்காது என்பதை மட்டும் நாம் அறிவோம்.

இரண்டாம் இறுதியாட்டம்: ஆக்லாந்து, 2003

அடுத்து ஜனவரி மாதம். கொரியாவில் ஆறுகள் உறையும் கடுங்குளிர். பூமியின் தென்பாதியிலுள்ள நியூசிலாந்தில் நடுக்கோடை. அங்கே ஆக்லாந்து நகரில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு போட்டி நடைபெறும். ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன் கைகளைப் பழக்கிக்கொள்ள வீராங்கனையர் பலர் அங்கே வருவர்.

2003இல் யூன்-ஜங் அங்கே இறுதியாட்டத்தை அடைந்தார். எதிரே நின்றவர் கிரேக்க நாட்டின் எலெனி டானிலிடு. முதல் செட்டை யூன்-ஜங் 4-6 என்று இழந்தார். இங்கேதான் நாம் முன்பு படித்த சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. பலகை அழிக்கப்பட்டது, மீண்டும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இழந்தது இழந்ததுதான்; ஆனால் அந்தக் கடனைச் சுமந்துகொண்டு அவர் இரண்டாம் செட்டைத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. அந்த செட்டை 6-4 என்று வென்றார்.

மூன்றாம் செட்டில் 6க்கு 6 என்று சமமாக வந்தது. டைபிரேக் ஆட வேண்டியதாயிற்று. அதை டானிலிடு 7க்கு 2 என்று வென்றார். பட்டம் அவருக்கே சென்றது. அடுத்த ஆண்டும் அங்கே அவரே வென்றார்.

கேம்களைக் கூட்டிப் பார்ப்போம். டானிலிடு 6, 4, 7, மொத்தம் 17. யூன்-ஜங் 4, 6, 6, மொத்தம் 16. இரண்டு பெண்கள் 33 கேம்கள் ஆடி, ஒரே ஒரு கேம்தான் வித்தியாசம்! அந்த ஒன்றில் ஒருவருக்குப் பட்டம். மற்றவருக்கு இரண்டாம் இடம்.

அதே 2003இல் யூன்-ஜங் உலகத் தரவரிசையில் 45ஆம் இடத்தை அடைந்தார். அவருடைய ஆட்ட வாழ்வில் அவர் எட்டிய உச்சம் இதுவே. உலகம் முழுவதிலும் மட்டை பிடித்த இலட்சக்கணக்கான பெண்களில் அவருக்கு மேலே இருந்தவர்கள் 44 பேர்தாம். ‘இரண்டாமவர்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் எத்தனை பேரில் இரண்டாமவர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சொந்த மண்ணில் ஒரு கிண்ணம்

2004இல் சியோல் நகரில் கொரியா ஓப்பன் என்னும் புதிய போட்டி தொடங்கியது. 1988 ஒலிம்பிக் விழாவுக்காக அமைத்த ஒலிம்பிக் பூங்காவின் டென்னிஸ் களங்களில் அது நடைபெற்றது. அந்த 1988 விழாவில்தான், 1924க்குப் பின் முதன்முறையாக டென்னிஸுக்கு மீண்டும் ஒலிம்பிக் பதக்கம் வழங்கப்பட்டது.

முதல் கொரியா ஓப்பனில் ஒற்றையர் பட்டத்தை வென்றவர், அவ்வாண்டு விம்பிள்டனை வென்றிருந்த 17 வயது மரியா ஷரபோவா. மக்கள் அவரைப் பார்க்கவே திரண்டனர். ஆனால் இரட்டையர் பிரிவில் நடந்தது நமக்கு இன்னும் சுவையானது.

யூன்-ஜங்கின் துணையாக ஆடியவர் ஜியோன் மி-ரா. அவருக்கும் ஒரு பழைய இறுதியாட்டம் உண்டு. 1994இல் விம்பிள்டன் இளையோர் இறுதியாட்டத்தில் 16 வயது மி-ரா ஆடினார். எதிரே 13 வயதுச் சிறுமி ஒருத்தி. அச்சிறுமி 7-5, 6-4 என்று வென்றாள். அவள்தான் மார்ட்டினா ஹிங்கிஸ். மூன்றே ஆண்டுகளில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தவள். மி-ராவோ அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை.

இறுதியில் தோற்றுப் பழகிய இந்த இருவரும் சேர்ந்து, தங்கள் நாட்டு மக்கள் முன்னிலையில், கொரியா ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றனர். அவர்கள் இறுதியில் வென்றது சீனத் தைப்பேயைச் சேர்ந்த சுவாங் சியா-ஜுங், ஷே சு-வேய் இணையை. ஷே சு-வேய் அன்று 18 வயதுப் பெண். பிற்காலத்தில் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை 2013, 2019, 2021, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர் அவரே. அத்தகைய திறமைசாலியைத்தான் அன்று இவ்விருவரும் வென்றனர்.

மூன்றாம் இறுதியாட்டம்: கான்பெரா, 2006

ஆக்லாந்துக்குப் பின் ஒற்றையரில் அடுத்த இறுதியாட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 2006 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் யூன்-ஜங் இறுதிக்கு வந்தார். வயது 26. எதிரே ஸ்பெயின் நாட்டின் அனபெல் மெடினா கரிகேஸ்.

முதல் செட் மெடினாவுக்கு, 6-4. இரண்டாம் செட்டில் யூன்-ஜங் எதிராளிக்கு ஒரு கேம்கூட விடவில்லை, 6-0. உலகச் சுற்றின் இறுதியாட்டம் ஒன்றில் இப்படி ஆறு கேம்களையும் அள்ளிக்கொள்வது அடிக்கடி நடப்பதன்று. மூன்றாம் செட் மெடினாவுக்கு, 6-4. பட்டமும் அவருக்கே.

மறுபடியும் கூட்டிப் பார்ப்போம். மெடினா 6, 0, 6, மொத்தம் 12. யூன்-ஜங் 4, 6, 4, மொத்தம் 14.

கணக்கில் தவறில்லை, தோழியரே! அதிகக் கேம் வென்றவர் யூன்-ஜங். ஆட்டத்தை வென்றவர் மெடினா. கிரிக்கெட்டாக இருந்திருந்தால், கூடைப்பந்தாக இருந்திருந்தால், கிண்ணம் கொரியாவுக்குப் போயிருக்கும்.

இது அநீதியா? நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சற்றே மெடினாவின் பக்கம் நின்று பார்ப்போம். கூட்டத்தின் முன்னே 0-6 என்று ஒரு செட்டை இழந்துவிட்டு நிற்கிறார். வேறு விளையாட்டாயிருந்தால் அந்தச் சரிவிலிருந்து மீள வழியே இராது. டென்னிஸ் அவருக்கு என்ன சொன்னது? ‘நடந்தது முடிந்தது. பலகையைத் துடைத்துவிட்டோம். மீண்டும் தொடங்கு’ என்றது. அவர் தொடங்கினார், வென்றார்.

ஆக்லாந்தில் முதல் செட்டை இழந்த யூன்-ஜங்கைத் தூக்கி நிறுத்திய சட்டம் எதுவோ, அதே சட்டம்தான் கான்பெராவில் அவருடைய 6-0ஐ வெறும் ஒரு செட்டாகச் சுருக்கியது. நம் கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம் நம் சேமிப்பையும் சேர்த்தே தள்ளுபடி செய்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மூன்று இறுதியாட்டங்களையும் சேர்த்துக் கூட்டினால் யூன்-ஜங் வென்றவை 36 கேம்கள். எதிராளிகள் மூவரும் வென்றவை 41. ஐந்து கேம்கள்தான் வித்தியாசம். ஆனால் பட்டங்களின் எண்ணிக்கையோ 3க்கு 0.

அதன் பின்னர்

கான்பெராவில் அந்தப் போட்டி அதன்பின் நடைபெறவில்லை. 2006ஆம் ஆண்டே அதற்குக் கடைசி. பட்டாயாப் போட்டியும் பின்னாளில் நின்றுபோயிற்று. யூன்-ஜங் தொடர்ந்து ஆடினார். 2007இல் அமெரிக்க ஓப்பனின் பிரதானச் சுற்றில் இடம் பெற்றார். அதன்பின் சில காலத்தில் ஆட்டத்திலிருந்து விலகினார்.

அவர் விலகிய பிறகுதான் அவருடைய அருமை தெரிந்தது. 2007க்குப் பின் நான்கு பெரிய போட்டிகளில் எதிலுமே ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஒரு கொரியப் பெண் இல்லை. ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் அல்ல. 2020 ஜனவரியில் ஹான் நா-லே என்பவர் ஆஸ்திரேலிய ஓப்பனில் காலடி வைக்கும்வரை 12 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. 2004இல் யூன்-ஜங்கும் மி-ராவும் வென்ற கொரியா ஓப்பன் இரட்டையர் பட்டத்தையும் 2018இல்தான் மீண்டும் ஒரு கொரிய இணை வென்றது. அந்த இணையில் ஒருவர் இதே ஹான் நா-லே. மற்றவர் சோய் ஜி-ஹீ.

கொரியப் பெண்களுக்கு விளையாட்டுத் திறமை குறைவா? இல்லவே இல்லை. வில்வித்தையில் அவர்களை வெல்ல உலகமே திணறுகிறது. கோல்ஃப் ஆட்டத்தில் 1998ஆம் ஆண்டு பாக் சே-ரி என்னும் 20 வயதுப் பெண் அமெரிக்க மகளிர் ஓப்பனில் குளக்கரையில் விழுந்த பந்தை, காலணியும் காலுறையும் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்று அடித்து மீட்டு, பட்டமும் வென்றார். அதைப் பார்த்து வளர்ந்த சிறுமியர் பலர் பின்னாளில் உலக கோல்ஃப் பட்டங்களை வாரிக் குவித்தனர்.

டென்னிஸில் அத்தகைய பெருவெள்ளம் வரவில்லை. பட்டத்தைப் பார்த்துத் திரள்வோர் பலர். இறுதியில் தோற்றவரைப் பார்த்துத் திரள்வோர் சிலரே. உள்நாட்டு அணியிலேயே வாழ்க்கை அமைந்துவிடுவதும் ஒரு காரணம். ஆயினும் அந்தச் சிலருக்கு அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காட்டியவர்கள் லீ டுக்-ஹீ, பார்க் சுங்-ஹீ, சோ யூன்-ஜங் ஆகிய மூவருமே.

புனித சின்னப்பரின் ஓட்டக்களம்

விளையாட்டைக் கொண்டு மறையுண்மையை விளக்கியவர்களில் முதன்மையானவர் புனித சின்னப்பர். அவர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ஓட்டக்களத்தை உவமையாக்குகிறார். அதற்குக் காரணம் உண்டு. கொரிந்துக்கு அருகிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டு விழா நடைபெறும். அங்கே வென்றவருக்குச் சூட்டியது பொன்முடியன்று. தழைகளால் பின்னிய முடி. சில நாளில் வாடிவிடும். அந்த வாடும் முடிக்காக வீரர்கள் இவ்வளவு உடலை ஒறுக்கிறார்களே என்று எடுத்துக்காட்டி, வாடாத முடியை நாடும்படி அந்நகர மக்களை அவர் தூண்டினார்.

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் அவர் மேலும் ஒரு படி செல்கிறார். தமக்குப் பின்னே இருப்பதை மறந்து, முன்னே இருக்கும் இலக்கை நோக்கி ஓடுவதாகக் கூறுகிறார். இதை நாம் எப்போதும் ‘பழைய தோல்விகளை மற’ என்று மட்டுமே பொருள்கொள்கிறோம். ஆனால் அத்திருமுகத்தில் இதற்குச் சற்று முன்னே அவர் பட்டியலிடுவது தம் பழைய பெருமைகளைத்தான்: குலம், கல்வி, சட்டத்தைக் கடைப்பிடித்த ஒழுங்கு. அவற்றையும் அவர் இழப்பென்றே கருதி விட்டுவிடுகிறார். கடனும் சேமிப்பும் இரண்டுமே துடைக்கப்பட்ட பலகை!

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பெறுவதும் அத்தகைய பலகையே. முழந்தாளிட்டு எழும்போது பழைய குற்றம் நம்மைத் தொடர்வதில்லை. அதேபோல, சென்ற வாரம் செய்த நன்மையைக் காட்டி இந்த வாரம் ஓய்வெடுத்துக்கொள்ளவும் முடியாது.

நமக்கு இது எதற்காக? காலாண்டுத் தேர்வில் முதலில் வந்தவள் அரையாண்டில் அதே எண்ணத்தில் இருந்துவிடுகிறாள். காலாண்டில் தவறியவளோ ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொள்கிறாள். இருவரும் முந்திய செட்டின் கணக்கை அடுத்த செட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இருவருக்கும் யூன்-ஜங் ஒரு பாடம். 6-0 என்று வென்றவளும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 4-6 என்று இழந்தவளுக்கும் அதே பூஜ்யம் காத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. மூன்று முறை இறுதியில் தோற்றார் என்றால் மூன்று முறை இறுதிக்கு வந்தார் என்று பொருள். பட்டாயாவில் தோற்றவர் அத்துடன் நின்றிருந்தால் ஆக்லாந்து இல்லை. ஆக்லாந்தில் ஒரு கேமில் தவறவிட்டவர் மனம் கசந்து திரும்பியிருந்தால் சியோலில் மி-ராவுடன் ஏந்திய கிண்ணமும் இல்லை. அவர் தோல்வியை வெற்றி என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். தோற்றது தோற்றதுதான். தோற்றபின் அடுத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டினார் என்பதும் உண்மைதான்.

இவ்வாண்டு நம் விளையாட்டு விழாவில் மேடைக்கு அழைக்கப்படாத தோழியர் நம்மில் பலர். அடுத்த ஆண்டு கோடு புதிதாகக் கிழிக்கப்படும். அந்தக் கோட்டில் வந்து நிற்பது நம் கையில் இருக்கிறது.

சிந்தனைக்கு

1. ஆக்லாந்து, கான்பெரா இறுதியாட்டங்களின் கேம்களைத் தனித்தனியே கூட்டிப் பார்க்க. இரண்டிலும் விடை எவ்வாறு வேறுபடுகிறது? ஏன்?

2. 52 வாரத் தரவரிசை முறைக்கும் நம் பள்ளித் தேர்வு முறைக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?

3. வெளிநாட்டுப் பயணம் எளிதல்லாத காலத்தில் லீ டுக்-ஹீ வழி திறந்தார். நம் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கோ வேலைக்கோ சென்ற பெண் யார்? அவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.

4. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்க. புனித சின்னப்பர் விட்டுவிட்டதாகக் கூறும் பெருமைகள் எவை? நாம் விட வேண்டியவை எவை?